பேட்டரிக்கு வைத்த சந்தனம்

வாங்க தம்பி. செருப்பக் கழத்தாண்டாம், இது வெறும் கார் செட்டுதான். பானட்டத் தூக்கி வச்சிருக்கேன், குனிஞ்சு நல்லாப் பாருங்க. ஒயர எல்லாம் இழுத்துப் பாருங்க, ஒண்ணும் கையோட வராது. பெல்ட்ட அமுக்கிப் பாருங்க. இப்ப உள்ள உக்காந்து சாவியப் போடுங்க. புடிச்சுட்டுல்லா? ஒரே போடுல புடிச்சிரும். அந்த ஆம்பியர் முள்ளப் பாருங்க, சார்ஜ் பக்கமா எப்படிச் சாஞ்சு நிக்குன்னு. சரி, போதும், அணைச்சிருங்க. அணைங்க தம்பி, மொதல்ல அணைங்க, சத்தம் தெருவுக்குக் கேக்கும்.

எனக்கு இந்தச் சத்தமே ஆகாது.

நல்லா ஓடுத வண்டிய எதுக்கு விக்கீங்கன்னு கேக்கீங்க. நாயமான கேள்விதான். அம்பாசமுத்திரத்துலருந்து பஸ் புடிச்சு வந்திருக்கீங்க, ஒங்ககிட்ட மறைக்கதுக்கு என்ன இருக்கு. உள்ளூர்க்காரன்னா நான் வாயத் தொறக்க மாட்டேன். நீங்க எடுத்துட்டுப் போயிருவீங்க, பொறவு ஒங்க மொகத்த நானும் எம்மொகத்த நீங்களும் பாக்கப் போறதில்ல. இந்த ஸ்டூல்ல உக்காருங்க. கோமு! தம்பிக்கு ஒரு காப்பி போடு. கோமுன்னா எம் பொண்டாட்டி. அவகிட்ட எதுவும் கேட்டுறாதீங்க. இந்த வண்டி விசயத்துல அவ எங்கிட்டப் பேசியே ஒரு மாசம் ஆச்சு.

எம் பேரு பூதலிங்கம். கரண்ட் ஆபீஸ்ல முப்பத்தோரு வருசம் இருந்தேன். கம்பத்துல ஏறுத வேலை இல்ல, ஆபீஸ் வேலை. லீவு லெட்டர் வந்தா நம்பரு போட்டு பைல்ல வைக்கணும். அதுல என்ன கொறைச்சல்? அந்தக் கட்டடத்துக்குள்ளதான இருந்தேன்? எஞ்சினியருமாரு கரண்டப் பத்திப் பேசுததக் காதால கேட்டவன் நான். எனக்குப் போயி இன்னாசி கரண்ட் சொல்லித் தாரான்.

இன்னாசி யாருன்னு கேக்கீங்களா? வாரேன், வாரேன்.

வண்டி எம் மாமனாரு வண்டி. எண்பத்தி ஒண்ணு மாடல். அவரு இருந்த வரைக்கும் ஒரு நாளு நடுவழியில நின்னது கெடையாது. அவரு போன பொறவு கோமுக்கு வந்து, எங்கிட்ட வந்துட்டு. நான் வேலையில இருந்த வரைக்கும் அதக் கவனிக்க நேரம் கெடையாது. ரிட்டயர்டு ஆன வருசம் ஆயுத பூசை வந்துது பாத்துக்கிடுங்க. இந்தத் தெருவுல எல்லாவனும் பூசை போடுதான். எப்படின்னு நெனைக்கீங்க? பைப்பத் திருப்பி வண்டிய நனைச்சு, பானட்டு மேல விபூதியில மூணு கோட்ட இழுத்து, ஒரு மாலையத் தொங்க விட்டு, டயருக்கு அடியில எலுமிச்சம்பழம். முடிஞ்சுது. ச்சீ! அது ஒரு பூசையா? தகரத்துக்குப் போயா பூசை? வண்டிக்கு உயிரு எங்க இருக்கு? பேட்டரியில இருக்கு.

அதனால நான் பேட்டரியக் கழத்தி எடுத்தேன். ஈரத்துணியால தொடச்சு, பலகையில கோலம் போட்டு அதுமேல வச்சேன். பேட்டரி மண்டையில ரெண்டு ஈயக் குமிழு நிக்குல்லா, ஒயரு வந்து மாட்டுத குமிழு, அது ரெண்டுக்கும் விபூதி பூசி, சந்தனத்தக் கட்டியாக் குழைச்சு அப்பி, குங்குமம் வச்சு, தீவாரனை காட்டி, அந்தச் சந்தனத்துக்கு மேலயே ஒயரு முனையில இருக்க கிளாம்ப மாட்டி முடுக்கிட்டேன். வெளிய வச்சா தூசியில அழிஞ்சு போவும். கிளாம்புக்கு உள்ள வச்சா அடுத்த பூசை வரைக்கும் நெலச்சு நிக்கும். எனக்கு யாரும் சொல்லித் தரல, நானா யோசிச்சுச் செஞ்சது. கோமு அப்பவே ஒரு மாதிரியா பாத்தா. பொம்பளைக்கு என்ன தெரியும்னு விட்டுட்டேன்.

பதினஞ்சு நாளு ஒரு தொந்தரவும் இல்ல. பதினாறாம் நாளு சாவியப் போட்டா ‘டக்’குன்னு ஒரு சத்தம், அதோட சரி. செல்ப் எடுக்கல. நாலு பேரு தள்ளுனா ஓடும். ஓடுதப்ப ஆக்ஸிலேட்டர மிதிச்சா லைட்டு பகல் மாதிரி எரியும், எரிஞ்ச வேகத்துல பல்பு போயிரும். ஒரு மாசத்துல ஆறு பல்பு. ஹாரன அமுக்குனா கெழட்டு ஆடு செருமுத மாதிரி ஒரு சத்தம். சவத்த எடுத்துக்கிட்டு ஒரு கலியாண வீட்டுக்குப் போக முடியல. மண்டபத்து வாசல்ல வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு மாப்பிள்ளை வீட்டுக்காரன் எல்லாம் எங்க வண்டியத் தள்ளுதான். கோமு பட்டுச் சேலையோட உள்ள உக்காந்து தலையக் குனிஞ்சுக்கிட்டு இருக்கா. எனக்கு அப்படியே எறங்கி ஓடிரலாம் போல இருந்துது.

அப்பதான் இன்னாசியக் கூப்பிட்டேன். நம்ம தெரு அம்மன் கோயிலுக்குச் சொந்தமா ஒரு கடை வரிசை இருக்கு, வரும்போது பாத்திருப்பீங்க. அதுல மூணாவது கடை இன்னாசி கடை. வண்டிக்கு ஒயரிங் பாக்கது, டைனமோ கட்டுதது, பேட்டரி சார்ஜ் போடுதது. பத்தொம்பது வருசமா அந்த எடத்துலதான் இருந்தான். வேதக்காரன், சர்ச்சுக்குப் போற ஆளு. மெலிஞ்ச ஆளு, ரொம்பப் பேச மாட்டான். எங்க போனாலும் கையில ஒரு பல்பும் ரெண்டு ஒயரும். அத அங்க வைப்பான், இங்க வைப்பான், பல்பு எரியுதா எரியலையான்னு பாப்பான், தலைய ஆட்டிக்கிடுவான். வாயில எந்நேரமும் பீடி நாத்தம். நகத்துக்குள்ள பூரா கிரீஸ். அந்தக் கைய வச்சுக்கிட்டு எம் மாமனாரு வண்டிக்குள்ள விடுதான். நான் பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னேன்.

சும்மா சொல்லப்படாது, வேலை பாத்தான். பெல்ட்ட மாத்துனான். டைனமோவப் பிரிச்சு பிரஷ் மாத்துனான். டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவுல இருக்க கட்டவுட்டு மாத்துனான். எலி கடிச்ச ஒயரு, எங்க மாமனாரு காலத்துல போட்ட ஒட்டு எல்லாத்தையும் எடுத்துட்டுப் புதுசா இழுத்தான். நீங்க இப்பப் பாத்தீங்கள்லா, அந்த ஒயரு பூரா அவன் இழுத்ததுதான். ஆனா வண்டி? ரெண்டு வாரம் ஓடும், நின்னுரும்.

‘பேட்டரியக் கடைக்குக் குடுத்து விடுங்க அண்ணாச்சி, ராத்திரி பூரா சார்ஜ்ல போட்டுப் பாக்கேன்’னான். குடுத்தேன். அவன் கடைக்குப் பொட்டோட அனுப்ப முடியுமா? பீடி நாத்தமும் செருப்புமா கெடக்க எடம். நானே கழத்தி, ஈரத்துணி வச்சுச் சந்தனத்தச் சுத்தமாத் தொடச்சிட்டுத்தான் குடுத்து விடுவேன். அங்க போனா பேட்டரி குதிரை மாதிரி நிக்கும். ‘ஒரு கொறையும் இல்லண்ணாச்சி’ம்பான். திரும்பி வந்ததும் நான் நல்ல நேரம் பாத்து, மறுபடி சந்தனம் குங்குமம் வச்சு, நானே மாட்டுவேன். வேற ஒருத்தன மாட்ட விட மாட்டேன். ரெண்டு வாரத்துல செத்துரும்.

ஒரு தரம் இல்ல தம்பி, நாலு தரம்.

அப்ப நீங்களே சொல்லுங்க. அவன் கடையில உயிரோட இருக்கு, என் வீட்டுல சாவுது. எனக்குச் சந்தேகம் வருமா வராதா? பய வேலை நீளணும்னு எதையோ பண்ணி அனுப்புதான்னுதான் தோணும். எனக்குத் தோணுச்சு. டீக்கடையில ரெண்டு பேருகிட்டச் சொல்லவும் செஞ்சேன். ‘அவன் கைபட்டா எதுவும் வெளங்காது போலயே’ன்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

அஞ்சாவது தரம் அவனே வீட்டுக்கு வந்தான். மார்கழி மாசம், காலையில ஒரு பத்து மணி இருக்கும். ‘இன்னைக்குப் பேட்டரியக் கழத்தாண்டாம் அண்ணாச்சி, மாட்டுன எடத்துலயே வச்சுப் பாத்திருவோம்’னான். என்னைய உள்ள உக்காரச் சொல்லிச் செல்ப் அடிக்கச் சொன்னான். நான் சாவியத் திருகுதேன், அவன் அந்தப் பல்பு ஒயருல ஒண்ண ஈயக் குமிழு உச்சியிலயும் இன்னொண்ணக் கிளாம்பு மேலயும் வைக்கான். பல்பு எரிஞ்சுது. மறுபடி அடிக்கச் சொன்னான். மறுபடி எரிஞ்சுது. ‘ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்க எடம் அண்ணாச்சி. நடுவுல பல்பு எரியவே கூடாது’ன்னான். கிட்டக் குனிஞ்சு பாத்தான். பாத்துட்டு, வெந்நீரத் தொட்டவன் மாதிரி கையப் பின்னால இழுத்துக்கிட்டான். துண்ட எடுத்துக் கையத் தொடச்சான். ரெண்டு எட்டு தள்ளி நின்னுக்கிட்டுக் கேக்கான்:

‘அண்ணாச்சி, பொட்டு மேல மட்டுந்தான் வச்சிருக்கீங்கன்னு நெனைச்சேன். கிளாம்புக்கு உள்ளயுமா வச்சிருக்கீங்க?’

‘ஆமா. அதுக்கென்ன?’

‘அந்தச் சந்தனத்த மட்டும் ஒரே ஒரு தரம் எடுத்துட்டுப் பாக்கலாமா? நான் தொட மாட்டேன். நீங்களே ஒங்க கையால எடுத்திருங்க. நான் வேதக்காரன், சாமிக்கு வச்சத அழிச்சுட்டான்னு நாளைக்கு ஒரு பேச்சு வந்துறக் கூடாது.’

எனக்கு உச்சியில ஏறிட்டு. எதைச் சொல்லுதான் பாருங்க! அஞ்சு தரம் பாத்து ஒண்ணும் பிடிபடல, இப்பச் சாமி மேல கொண்டு வந்து நிறுத்துதான். ‘ஒன் வேலையப் பாத்துட்டுப் போடா. எம் பேட்டரியில பொட்டு இருக்கணுமா வேண்டாமான்னு நீ சொல்லாண்டாம்’னேன். அவன் பல்பையும் ஒயரையும் சுருட்டிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டுப் போயிட்டான். பானட்டக்கூட மெதுவா எறக்கி வச்சுட்டுத்தான் போனான். எனக்கு அதப் பாத்து இன்னும் எரிச்சல்தான் வந்துது.

சாயங்காலம் டீக்கடையில வச்சுச் சொன்னேன். என்ன சொன்னேன்? நடந்ததச் சொன்னேன். ‘சாமிக்கு வச்ச சந்தனத்த எடுக்கச் சொல்லுதான்’னு சொன்னேன். அதுல ஒரு எழுத்துப் பொய் உண்டா? அவன் சொன்னானா இல்லையா? அவ்வளவுதான் நான் சொன்னது. அதுக்குக் கண்ணு மூக்கு வச்சவன் எல்லாம் மத்தவன். மறுநாளே ஒருத்தன் வந்து எங்கிட்டயே சொல்லுதான், ‘கேட்டீங்களா அண்ணாச்சி, இன்னாசி ஒங்க வண்டியில இருந்த சாமி படத்தத் தூக்கி வீசிட்டானாமே’ன்னு. நான் அப்படிச் சொல்லல. இல்லன்னும் சொல்லல. எவன்கிட்டப் போயி மல்லுக்கு நிக்க?

தை மாசம் கோயில் கமிட்டிக் கூட்டம். கடைகளுக்கெல்லாம் அடுத்த வருசத்துக்குக் கையெழுத்துப் போடுத கூட்டம் அது. கமிட்டித் தலைவரு வீரவாகு, நல்ல மனுசன், எதையும் நேருக்கு நேரா கேட்டுருவாரு. என்னையும் கூப்பிட்டாரு, இன்னாசியையும் கூப்பிட்டாரு. மண்டபத்துல ஒரு நாப்பது பேரு இருப்பாங்க. ‘பூதலிங்கம், அவன் சந்தனத்த எடுங்கன்னு சொன்னது உண்மையா?’ன்னு கேட்டாரு. ‘உண்மை’ன்னேன். ‘நீ சொன்னியாடா?’ன்னு அவங்கிட்டக் கேட்டாரு. ‘சொன்னேன் ஐயா. வேலைக்காகச் சொன்னேன்’னான். அதுக்கு மேல அவனப் பேச விடல. பின்னால இருந்து ஒரே சத்தம். அவன் என் பக்கம் திரும்பிப் பாத்தான். ‘அந்தப் பல்பு எரிஞ்சத மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி’ன்னான். அந்தச் சத்தத்துல அது எனக்கு மட்டுந்தான் கேட்டுது.

நான் சொல்லல. என்ட்ட யாரும் கேக்கல, நான் சொல்லல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேக்காததுக்கு நான் எதுக்குச் சொல்லணும்?

அந்த வாரத்துலயே கடையக் காலி பண்ணிட்டான். ஒரு மினி லாரி வந்துது. நான் மாடியில இருந்து பாத்தேன். அவன், அவன் பொண்டாட்டி, ரெண்டு பெஞ்சு, சார்ஜ் போடுத மிசினு. கோயிலத் தாண்டிப் போவும்போது வண்டிய நிறுத்தி எறங்கி, கடைச் சாவியப் பூசாரி கையில குடுத்துட்டு ஏறுனான். கோமு கீழ வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தா. அன்னைக்குச் சோறு பொங்கல அவ. தலைவலின்னா.

காப்பி வந்துட்டு, எடுத்துக்கிடுங்க. அங்கன வச்சுட்டு நீ போ கோமு. ...போயிட்டாளா?

அவன் போன பொறவாவது வண்டி ஓடுனா மனசு ஆறும். ஓடல, சவம். ஆவணியில புதுப் பேட்டரியே வாங்குனேன். கடையில இருந்து நேரா பூசை அறைக்குக் கொண்டு போயி, முன்னையவிட ரெண்டு மடங்கு சந்தனம் வச்சு மாட்டுனேன். பதினெட்டு நாளு. அதுவும் மண்டையப் போட்டுட்டு. அப்ப நான் என்ன நெனைச்சேன் தெரியுமா? சொல்லவே அசிங்கமா இருக்கு. இன்னாசி ஏதோ செய்வினை வச்சுட்டான்னு நெனைச்சேன். பாடுபட்டுக் கஞ்சி குடிக்க பய, ஊர விட்டுப் போயி உக்காந்துக்கிட்டு எம் பேட்டரிக்குச் செய்வினை வைக்கான்!

புரட்டாசியில எங்க பெரியப்பா மவன் கடையத்துல எறந்து போனாரு. பங்காளி சாவு. அந்த வருசம் பூராவும் எங்களுக்குப் பூசை புனஸ்காரம் ஒண்ணும் கெடையாது, ஆயுத பூசையும் கெடையாது. பதினாறாம் நாள் காரியத்துக்குப் போவணும், வயசானவங்க ரெண்டு பேர ஏத்திக்கிட்டுப் போவணும், வண்டி வேணும். பேட்டரியக் கழத்தித் தெங்காசியில சார்ஜ் போட்டு வாங்கிட்டு வந்தேன். காரியச் சாமான் எழுதுன சிட்டையத் தேடி உள்ள போயிட்டு வெளிய வந்தா, கோமு பேட்டரியப் புறவாசல்ல வச்சுக் கழுவிக்கிட்டு இருக்கா. வெந்நீரும் ஆப்பச் சோடாவும் போட்டுத் தேங்காய் நாரால தேய்க்கா. கிளாம்பையும் விடல. அதுல பச்சையும் வெள்ளையுமா பூத்துக் கெடந்துது, பாக்கவே அருவருப்பா. ‘என்னட்டி செய்யுத?’ன்னேன். ‘தீட்டு வீட்டுல பழைய சந்தனத்தோட வைக்கப்படாது’ன்னா. நாயந்தான். தீட்டாச்சே, நானும் புதுச் சந்தனம் வைக்கல. வெறுங்குமிழுல கிளாம்ப மாட்டுனேன்.

சாவியப் போட்டேன். புடிச்சுட்டு.

இருட்டோட கெளம்பிக் கடையம் போயி, ராத்திரி தெரு அடங்குன பொறவு திரும்பி வந்தோம். ஐப்பசி போச்சு, கார்த்திகை போச்சு, மார்கழி போச்சு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை செட்டுக்குள்ள வச்சு ஒரு தரம் எடுத்துப் பாப்பேன். ஒரு நாளு ‘டக்’குங்கல. ஒரு பல்பு போகல. தை மாசம் ஒரு நாளு சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன், கோமு ரசத்த ஊத்திக்கிட்டே சொல்லுதா, ‘சந்தனம் வைக்கல, ஓடுது’ன்னு. அவ்வளவுதான் சொன்னா. நான் தட்டத் தள்ளிட்டு எந்திச்சேன். ‘ஒனக்குக் கோட்டி புடிச்சிருக்கா?’ன்னு கத்துனேன். ‘இருக்கலாம்’னு சொல்லிட்டுத் தட்ட எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

அவ மூஞ்சியில கரியப் பூசணும்னுதான் சந்தனம் வச்சுப் பாத்தேன். அவ கடைத்தெருவுக்குப் போன நேரமாப் பாத்து, செட்டுக் கதவச் சாத்திக்கிட்டு, பழையபடி ரெண்டு குமிழுலயும் அப்பி, கிளாம்ப மாட்டி முடுக்குனேன். தீட்டு வருசம், செய்யக் கூடாது, செஞ்சேன். பத்தாம் நாளு ‘டக்’. என் நெஞ்சுக்குள்ளயே அடிச்ச மாதிரி இருந்துது. கழத்தி, ஆப்பச் சோடாவுல கழுவி மாட்டுனேன். புடிச்சுது. ஒரு தரம் தப்பலாம்லா? மறுபடி வச்சேன். எட்டாம் நாளு ‘டக்’. அன்னைக்கு நானும் ஒரு பல்ப எடுத்து ரெண்டு ஒயரச் சுத்தி, குமிழுல ஒண்ணு, கிளாம்புல ஒண்ணு, முள்ளு மாதிரிச் செருகி வச்சுட்டு, உள்ள உக்காந்து செல்ப் அடிச்சேன். பானட்டு இடுக்கு வழியாத் தெரியுது. எரிஞ்சுது, தம்பி. மினுக்குன்னு எரிஞ்சுது.

மூணாவது தரம் வைக்கல. சாமிய வச்சுச் சோதனை பண்ணுதது பாவம் பாருங்க.

அந்த நாளுலருந்து எனக்குச் சோறு எறங்கல. ஒங்ககிட்டச் சொல்லுததுக்கென்ன, கண்ணாடியில எம் மூஞ்சியப் பாக்க எனக்கே பிடிக்கல. கோயில் வாசலத் தாண்டும்போது சந்தன வாசம் வந்தா, எதிர்ப்பக்கமா ஒதுங்கி நடந்துருவேன். சரி, போயிச் சொல்லிருவோம்னு முடிவு பண்ணுனேன். இன்னாசி கோவில்பட்டியில இருக்கதாக் கேள்வி. பங்குனியில ஒரு நாளு வெள்ளன எந்திச்சு, தெரு முழிக்கதுக்கு முன்னால வண்டிய எடுத்துட்டுப் போனேன். கோமுவும் வந்தா. வழி பூரா மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே போனேன்: ‘இன்னாசி, நீ சொன்னதுதான் சரி, நாந்தான் தப்பு பண்ணிட்டேன்.’ சின்ன வார்த்தைதான்.

பைபாஸ் ரோட்டு ஓரத்துல ஒரு வாகை மரத்தடியில இருந்தான். கடை இல்ல. ஒரு தார்ப்பாய், ஒரு மரப்பெட்டி, ஒரு சைக்கிள். தலை பாதி நரைச்சுப் போச்சு ஒரு வருசத்துல. என்னையப் பாத்ததும் எந்திச்சு நின்னு பீடியக் கீழ போட்டு மிதிச்சான். ‘வாங்கண்ணாச்சி. அக்காவும் வந்திருக்காவளா, வாங்கக்கா’ன்னான். பெட்டியத் தொடச்சுக் கோமுவ உக்காரச் சொன்னான். ‘வண்டி எப்படி இருக்கு?’ன்னு கேட்டான்.

நான் வாயத் தொறந்தேன். என்ன வந்துது தெரியுமா? ‘இந்தப் பக்கம் ஒரு சோலியா வந்தேன். ஹாரன் சத்தம் கொஞ்சம் கம்மியா இருக்கு, பாரு’ன்னு வந்துது.

பானட்டத் தூக்குனான். ஹாரனப் பாக்கதுக்கு முன்னால அவன் கண்ணு பேட்டரிக்குப் போச்சு. ரெண்டு குமிழும் வெள்ளி மாதிரி மின்னிக்கிட்டு நிக்கு. ஒரு பொட்டுச் சந்தனம் கெடையாது. ஒரு நிமிசம் பாத்தான். நான் அவன் முதுகப் பாத்துக்கிட்டு நிக்கேன். இப்பத் திரும்புவான், இப்பத் திட்டுவான், காறித் துப்புவான்னு நிக்கேன். அவன் பெட்டியத் தொறந்து, ஒரு டப்பாவுல இருந்து வாஸ்லின விரலால தோண்டி, ரெண்டு குமிழு மேலயும் பூசுனான். ‘இது போட்டு வச்சா பூக்காது அண்ணாச்சி’ன்னான். பொறவு ஹாரனக் கழத்தி, ஊதி, திருப்புளி வச்சு ஒரு திருகு திருகி மாட்டுனான். அமுக்கிக் காட்டுனான். ரோட்டுல போனவன் எல்லாம் திரும்பிப் பாத்தான், அப்படி ஒரு சத்தம்.

கெளம்பும்போது ஜன்னல் பக்கமா வந்து குனிஞ்சு சொல்லுதான், ‘கோயில் கொடைத் திருநாளு வருதே அண்ணாச்சி, அம்மனுக்கு லைட்டு யாரு போடுதா? பத்தொம்பது வருசமும் நாந்தான் போட்டேன், வெளிய இருந்து ஒயரு குடுத்து. கிரீடத்துக்கு மேல போடுத பல்பு சூடாவும். புதுசா வாரவனுக்குத் தெரியாது. பூ கருகிரும். கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லுங்க.’

சரின்னு தலைய ஆட்டிட்டு வந்துட்டேன்.

இதுல எனக்கு என்ன ஆத்தாமைன்னா தம்பி, அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தா என்ன? ‘ஏன்வே, பாத்தீராவே’ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நான் அவன் கையப் புடிச்சுக்கிட்டு அங்கனயே அழுதிருப்பேன். கேக்க மாட்டேன்னுட்டானே! ஒரு மனுசன் மன்னிப்பு கேக்க வந்தா அதுக்கு ஒரு வழி விடணுமா வேண்டாமா? வாஸ்லின் பூசுதான் வாஸ்லின்!  தெரு அடங்கட்டும்னு ராத்திரி திரும்பி வார வழியில கோமு ஒரே ஒரு தடவ கேட்டா, ‘நீங்க சொல்லுவீங்கன்னுதான நான் வந்தேன்?’னு. அதோட அவ பேச்ச நிறுத்துனவதான்.

இப்ப என்ன அவசரம்னு கேப்பீங்க. இன்னாசி போன பொறவு அந்தக் கடையில ஒருத்தன் ஜெராக்ஸ் மிசினு வச்சான், ஆறு மாசத்துல மூடிட்டான். கடை சும்மா கெடக்கு. தெருவுல ஒரு வண்டி மக்கர் பண்ணுனா தெங்காசிக்குத் தள்ள வேண்டியிருக்கு. இந்த வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுது. வீரவாகு, ‘இன்னாசியவே திருப்பிக் கூப்பிட்டா என்ன?’ங்காரு. நாலஞ்சு பேரு, ‘பூதலிங்கம் வண்டியப் பாழாக்குனவன எப்படிக் கூப்பிட?’ங்காவ. வண்டி என்னாச்சுன்னு என்ட்டக் கேட்டாங்க. ‘செட்டுல கெடக்கு’ன்னேன். பொய்யில்லையே, செட்டுலதான கெடக்கு? ஆனா எவனாவது ஒருத்தன் வந்து சாவியப் போட்டுப் பாத்தா என் கதி என்ன? யாரு சரி பண்ணுனா, எப்படிச் சரியாச்சு, என்ன கோளாறுன்னு கேப்பான். நாப்பது பேருக்கு முன்னால நான் என்ன சொல்ல? எனக்கு வயசு அறுபதத் தாண்டியாச்சு தம்பி. நாலு பேரு அண்ணாச்சின்னு மரியாதையாக் கூப்பிடுதான். அவனுக்கென்ன, மரத்தடியில நாலு வண்டி வருது, கஞ்சிக்குப் பஞ்சமில்ல. அவன் அங்கனயே இருந்துக்கிடுவான்.

நீங்க சொன்ன வெலையே போதும், நான் ஒண்ணும் பேசல. ஆர்.சி. புக்கு, மாத்துச் சாவி எல்லாம் இந்தக் கவர்ல இருக்கு. இன்னைக்கே எடுத்துட்டுப் போயிருங்க.

ஒரே ஒரு ஒத்தாசை மட்டும் செய்யணும். இங்கன வச்சு ஸ்டார்ட் பண்ணாண்டாம். தெருமுக்குல டீக்கடை இருக்கு, இந்நேரம் வீரவாகு அங்கதான் உக்காந்திருப்பாரு. நாம தள்ளிக்கிட்டே போயிருவோம். நூறு அடிதான். நீங்க ஜன்னலுக்குள்ள கைய விட்டு ஸ்டேரிங்கப் புடிச்சுக்கிடுங்க, நான் பின்னால இருந்து தள்ளுதேன். யாராவது கேட்டா நீங்க வாயத் தொறக்காண்டாம், நான் பாத்துக்கிடுதேன். மெயின் ரோடு ஏறுன பொறவு, கோயில் மதிலு மறைஞ்சதும், நீங்க பாட்டுக்குச் சாவியப் போட்டுப் போயிருங்க.

கோமு! ஏ கோமு! வந்து ஒரு கை குடு. கெழட்டு வண்டி, ரெண்டு பேரால ஆகாது... என்னட்டி, அப்படியே வாசல் நெலையில சாஞ்சுக்கிட்டு நிக்கே? ஒன்னையத்தான் கூப்பிடுதேன்.

சரி, அவ நிக்கட்டும் தம்பி. நாம ரெண்டு பேரு போதும். கியர எடுத்து விட்டாச்சா? ம், தள்ளுங்க.